சங்கிலி டிராக்டரின் இறுக்கமும் தளர்ச்சியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்தே அமைந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் சங்கிலி டிராக்டருக்கு இருவகை மண்ணில் வேலை உண்டு. மாவும் தென்னையும் செழித்துள்ள மலையடித் தோட்டங்களைச் சமன் செய்யும்போது சரளையும் கல்லும் அதற்கு எதிர்ப்படுகின்றன. கண்மாய்களின் உள்வாயில் சீமைக் கருவேலை அகற்றிக் கரையைப் பலப்படுத்தும்போது ஒட்டிப் பிடிக்கும் வண்டல் எதிர்ப்படுகிறது. சரளை சங்கிலியைத் தேய்க்கும். வண்டல் சங்கிலிக்குள் புகுந்து அடைத்துக் கொள்ளும். இவ்விரண்டையும் தாங்கிப் பழைய வண்டி ஒழுங்காக ஓட வேண்டுமானால், அதன் சங்கிலி சரியான இறுக்கத்தில் இருத்தல் அவசியம்.

இது டிரைவரின் வேலைதானே, நமக்கேன் இந்த ஆராய்ச்சி என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் எண்ணலாகாது. வேளாண்மைப் பொறியியல் துறையின் புல்டோசராயினும், தனியாரின் வண்டியாயினும், மணிக்கணக்கில் வாடகை செலுத்துவோர் நாமே. வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டிய கண்மாய் வேலையின் நடுவே சங்கிலி கழன்று விழுந்தால், பல டன் எடையுள்ள வண்டி சேற்றில் நின்றுவிடும். மழையோ நமக்காகக் காத்திராது.

சக்கரம் புதையும் மண்ணில் வண்டியை ஓட்டுவதற்கென்றே இச்சங்கிலி தோன்றியது. 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஸ்டாக்டன் நகரை அடுத்த மென்மையான நிலத்தில், பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் இதைச் சோதித்துக் காட்டினார். நம் நாட்டில் 1947இல் அமைக்கப்பட்ட மத்திய டிராக்டர் நிறுவனம், களை மண்டிய தரிசுகளைத் திருத்த இத்தகைய டிராக்டர்களையே பயன்படுத்தியது. வண்டிகள் பலவாறாக மாறினும் சங்கிலியின் அடிப்படை மாறவில்லை. பின்புறப் பற்சக்கரம் சங்கிலியை இழுக்கிறது; ஐட்லர் எனப்படும் முன் உருளி அதைத் தாங்கித் திருப்புகிறது. இந்த ஐட்லரை முன்னே தள்ளினால் சங்கிலி இறுகும். பின்னே விட்டால் தளரும்.

அளக்கும் முறை

வண்டியைச் சமதரையில் மெதுவாக முன்னோக்கி ஓட்டி, பிரேக் போடாமல் தானாகவே நிற்க விடவேண்டும். பிரேக் போட்டால் தளர்ச்சி இடம் மாறி அளவு பொய்த்துவிடும். பிறகு முன் பிளேடைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்த வேண்டும். ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் இடையே, சங்கிலித் தகடுகளின் மேல், நேரான பலகை ஒன்றைக் கிடத்துக. பலகையின் அடிப்பாகத்திற்கும் மிகவும் தொய்ந்துள்ள தகட்டின் மேல் விளிம்பிற்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். நடுத்தர வண்டிகள் பலவற்றிற்கு இது சுமார் 1 முதல் 1½ அங்குலம், அதாவது 25 முதல் 38 மில்லிமீட்டர் இருக்கலாம். வண்டிக்குரிய கைப்புத்தகம் கூறும் அளவே முடிவானது. இருபுறமும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

இடைவெளி மிகுந்தால் சங்கிலி உதறும். திரும்பும்போது கழன்று விழும். குறைந்தாலோ பின்களும் புஷ்களும் பற்சக்கரமும் விரைவில் தேயும். என்ஜின் சக்தியும் வீணாகும். இறுக்கமாக இருப்பதே நல்லது என்று பலர் கருதுவது தவறு.

அளக்கும் இடமும் முக்கியமானது. கண்மாய் வண்டலில் வேலை செய்யும் வண்டியைக் கழுவி, மேட்டில் நிறுத்தி இறுக்கினால், மீண்டும் சேற்றில் இறங்கியதும் பற்சக்கரத்தில் மண் அடைந்து சங்கிலி முறுக்கேறிவிடும். ஆகவே சேற்று வேலையில், வேலைத்தலத்திலேயே, அடைந்த மண்ணோடு அளந்து சரிசெய்ய வேண்டும். சரளை நிலத்திற்கு மாறும்போது மண்ணை நீக்கி மறுபடியும் அளக்க வேண்டும்.

கோளாறும் காரணமும்

மிகப் பழைய வண்டிகளில் ஐட்லரைத் திருகுத் தண்டு நகர்த்தும். பிந்தியவற்றில் கிரீஸ் அழுத்தம் நகர்த்தும். சரிசெய்தபின் வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் ஓட்டி மீண்டும் அளக்க வேண்டும். அதன் பிறகும் கோளாறு தொடர்ந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலாவது, காலையில் இறுக்கியது மாலைக்குள் தளர்தல். திருகு வகையில் பூட்டுப் போல்ட்டு நெகிழ்ந்திருக்கும். கிரீஸ் வகையில் சீல் அல்லது வால்வு கசியும். கசிவை நிறுத்தாமல் கிரீஸை ஏற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

இரண்டாவது, கிரீஸ் ஏற்றியும் ஐட்லர் நகராமை. அது நகரும் வழியில் மண் இறுகியிருக்கும், அல்லது துரு பிடித்திருக்கும். சுத்தம் செய்தல் வேண்டும். மேன்மேலும் அழுத்தம் ஏற்றுதல் கூடாது.

மூன்றாவது, ஐட்லர் முன்னெல்லை வரை சென்றும் சங்கிலி தொய்தல். இது தேய்மானத்தின் அடையாளம். ஒரு சங்கிலியில் 36 இணைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் சங்கிலி 36 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டால் நீளம் குறையும். ஆனால் ஒவ்வொரு கண்ணியின் இடைவெளியும் பற்சக்கரத்தின் பல்லோடு பொருந்தாமலே இருக்கும். பற்கள் கெட்டு, செலவு இருமடங்காகும். பட்டறையில் பின்களையும் புஷ்களையும் எடுத்து, தேயாத பக்கம் வேலை செய்யுமாறு திருப்பிப் பொருத்துவதோ, புதியன இடுவதோதான் தக்க வழி.

உயிருக்கு எச்சரிக்கை

கிரீஸ் மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. தளர்த்தும்போது வெளியேற்றும் திருகை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. அதன் நேரே முகத்தையோ கையையோ கொண்டு செல்லக்கூடாது. பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே புகும்; காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஐட்லருக்குப் பின்னுள்ள பெரிய சுருள்வில்லை வயலில் எவரும் பிரிக்கலாகாது. அமுக்கி வைக்கப்பட்ட அவ்வில் விடுபட்டால் ஆளைக் கொல்லும். அது உரிய சாதனங்கள் உள்ள பட்டறைக்கே உரிய வேலை.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

வண்டியை அமர்த்துமுன் ஐட்லர் எவ்வளவு முன்னே தள்ளப்பட்டுள்ளது என்பதைப் பார்க்க வேண்டும். எல்லையை நெருங்கியிருப்பின் அந்த வண்டியைச் சேற்று வேலைக்கு அமர்த்தாதிருப்பதே நலம். நாள்தோறும் வேலை தொடங்குமுன் இருபுற அளவையும், ஓடிய மணியையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். ஒரு வாரக் குறிப்பைப் புரட்டினால், எப்பக்கம் விரைந்து தளர்கிறது என்பது தெரிந்துவிடும். அப்பக்கத்தின் காரணத்தை அறிந்து நீக்கிய பிறகே வண்டியைக் கண்மாய்க்குள் இறக்க வேண்டும். ஒரு நேர்ப்பலகை, ஓர் அளவுகோல், ஒரு நோட்டு ஆகிய இம்மூன்றும் எந்தப் பஞ்சாயத்திற்கும் எட்டாதவையல்ல.