உழவு மாட்டிற்கு நாளொன்றுக்கு எவ்வளவு வேலை?

உழவு இயந்திரம் இறங்கவியலாத சிறு வயல்களில் மாடே கமக்காரருக்குத் துணை. போகம் முடிந்து மேய்ச்சலில் நின்ற எருதை, மழை கண்டவுடன் முழுநாளும் ஏரிற் பூட்டுதல் தகாது. அதன் தசை தளர்ந்தும் கழுத்துத் தோல் மென்மையுற்றும் இருக்கும். கழுத்துப் புண்பட்டால் உழவு நடுவில் நின்றுவிடும்.

உழவிற்கு இரு வாரம் முன்னரே பழக்கத் தொடங்குக. முதலில் காலையில் 1 மணி நேரம் இலேசான வேலை போதும். பின்னர் படிப்படியாகக் கூட்டுக. பழகிய எருதுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 மணி நேரம் அளவாகும். இதனைக் காலை, மாலை எனப் பகிர்ந்து கொள்க.

எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. கரிய தோலும் வெப்பத்தை ஈர்க்கும். ஆகவே 4 முதல் 5 மணி நேரமே போதும். வெயில் ஏறுமுன் அவிழ்த்து நீரிற் கிடக்க விடுக.

வாய் திறந்து மூச்சிரைத்தல், நுரை தள்ளுதல், தள்ளாடுதல் ஆகியன கண்டால், உடனே நுகத்தை நீக்கி நிழலில் நிறுத்தி, உடலில் நீர் ஊற்றுக.

மாடு அசைபோட நாள்தோறும் ஏறக்குறைய 8 மணி நேரம் வேண்டும். வேலை மிகுந்தால் இரை குறையும். இரை குறைந்தால் வலுக் குன்றும்.

மாலைதோறும் கழுத்தைக் கழுவித் தடவிப் பார்க்க. தடிப்போ சூடோ காணின், அது தணியும்வரை பூட்டற்க.