ஆட்டிசம்: பெற்றோர் மீது சுமத்தப்பட்ட பழியும் ஆராய்ச்சி தந்த விடையும்

குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதாக அறிந்தவுடன் பல தாய்மார் எம்மிடம் கேட்கும் முதல் வினா, “நான் என்ன தவறு செய்தேன்?” என்பதே. கருவுற்றிருந்தபோது உண்ட உணவு, பார்த்த வேலை, கிரகணத்தன்று வெளியே வந்தது, குழந்தையைப் பாட்டியிடம் விட்டுப் பணிக்குச் சென்றது, கைப்பேசியைக் கையில் கொடுத்தது என ஒவ்வொன்றாக எண்ணி மனம் நோகின்றனர். உறவினரும், “பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேசியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா?” என்று கேட்டு அந்தச் சுமையைப் பெருக்கிவிடுகின்றனர். இந்த வினாவை மருத்துவ உலகமும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்துள்ளது. அதற்குக் கிடைத்த விடையை இவ்விதழில் காண்போம்.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலேயே ஏற்படும் வேறுபாடு. தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்றும் குறிப்பிடுவதுண்டு. பிறரோடு பழகுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் இடர்ப்பாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை இதன் இயல்புகள். உலக அளவில் ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவரிடம் இது காணப்படுகிறது. இவ்வியல்புகளின் அளவு குழந்தைக்குக் குழந்தை பெரிதும் மாறுபடும்.

பழி பிறந்த வரலாறு

1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், பதினொரு குழந்தைகளின் நடத்தையை விரிவாகப் பதிவு செய்து கட்டுரை எழுதினார். இந்நிலை பிறவியிலேயே அமைந்தது என்று அதில் அவர் கருதினார். எனினும், அக்குழந்தைகளின் பெற்றோருள் அன்பைப் புலப்படுத்துவோர் மிகச் சிலரே என்றும் குறிப்பிட்டார். பின்வந்தோர் பலர் முதற்கருத்தை விட்டுவிட்டு, இரண்டாவதைப் பற்றிக்கொண்டனர். பாசமற்ற தாயே காரணம் என்ற எண்ணம் பரவியது. அத்தகைய தாய்மார் குளிர்பதனப் பெட்டிக்கு ஒப்பிடப்பட்டனர். சிகாகோவில் சிறப்புப் பள்ளி ஒன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல், இக்கருத்தைப் பொதுமக்களிடமும் கொண்டு சேர்த்தது.

இதனை எதிர்த்து முதலில் எழுந்த வலிமையான குரல்களுள் ஒன்று ஒரு தந்தையுடையது. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் உளவியலாளரின் மகனுக்கு ஆட்டிசம் இருந்தது. அவர் அன்றுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தேடிப் படித்து, தாயின் வளர்ப்பே காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும், உடலியல் அடிப்படையிலேயே விளக்கம் தேட வேண்டும் என்றும் 1964இல் ஒரு நூலில் நிறுவினார். கானரும் 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசுகையில், பெற்றோர்களைப் பழியிலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார்.

இரட்டையர் ஆய்வு

சான்று 1977இல் கிடைத்தது. சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் பிரிட்டனில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கேனும் ஆட்டிசம் இருந்தது. ஒரே கருமுட்டையிலிருந்து உருவான 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் காணப்பட்டது. இருவேறு கருமுட்டைகளிலிருந்து உருவான 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு காணப்படவில்லை. இரு வகையினரும் ஒரே தாயின் வயிற்றில் ஒரே காலத்தில் வளர்ந்து, ஒரே வீட்டில் வளர்க்கப்பட்டவர்கள். வளர்ப்பே காரணம் எனில் இவ்வேறுபாடு தோன்றியிருக்க இயலாது. மரபணுக்களின் ஒற்றுமையே இதனை விளக்குகிறது.

ஆய்வு சிறியதே, ஆயினும் பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் இதனை உறுதி செய்தன. டென்மார்க், ஃபின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றில் பிறந்த ஏறத்தாழ 20 இலட்சம் குழந்தைகளின் பதிவேடுகள் ஆராயப்பட்டு, முடிவு 2019இல் வெளியாயிற்று. ஆட்டிசம் உண்டாவதில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காடு பரம்பரை மரபணுக்களால் விளைவது என்று அது காட்டியது. தாயின் உடல்நிலை முதலிய தாய்வழி விளைவுகளின் பங்கையும் அவ்வாய்வு தனியே கணக்கிட்டது. அப்பங்கு மிக அற்பமாகவே இருந்தது.

“அப்படியானால் எந்த வீட்டு வழி?”

மரபணு என்ற சொல்லைக் கேட்டவுடன் சில குடும்பங்களில் வேறொரு வழக்குத் தொடங்கிவிடுகிறது: “எங்கள் வழியில் யாருக்கும் இல்லை, உங்கள் வழியில்தான் வந்திருக்கும்.” இதற்கும் ஆராய்ச்சி இடம் தரவில்லை. ஆட்டிசத்துக்குத் தனியொரு மரபணு காரணமன்று. 2020இல் வெளியான ஓர் ஆய்வு மட்டுமே தொடர்புடைய 102 மரபணுக்களை அடையாளம் கண்டது. அவற்றுள் பல, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் சந்திப்புகளின் அமைப்பிலும், பிற மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துவதிலும் பங்குகொள்பவை. இவையன்றி, நம் எல்லோரிடமும் உள்ள எண்ணற்ற சிறு மாறுபாடுகள் இரு பெற்றோர் வழியாகவும் ஒன்றுசேர்வதால் ஆட்டிசம் தோன்றலாம். சில குழந்தைகளிடம் தாய், தந்தை இருவரிடமும் இல்லாத மாற்றம் புதிதாகவே உண்டாகியிருக்கும். பழி சொல்வதற்கு இதில் எவரும் இல்லை.

பெற்றோரின் முதிர்ந்த வயது, குறைமாதப் பிறப்பு, கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்தை உட்கொள்ளுதல் ஆகியவை வாய்ப்பை உயர்த்துவதாக அறியப்பட்டுள்ளன. எனினும் வலிப்பு மருந்தை எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது. கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும்.

தடுப்பூசி பற்றிய அச்சம்

1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவரும் உடனிருந்தோரும் 12 குழந்தைகளை மட்டும் கொண்டு எழுதிய கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்துடன் இணைத்துப் பேசியது. அதில் முறைகேடுகள் இருந்தமை வெளிப்பட்டு, 2010இல் ‘லான்செட்’ இதழ் அதனைத் திரும்பப் பெற்றது. அவர் பெயர் பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, இத்தடுப்பூசி ஆட்டிசத்தின் வாய்ப்பை உயர்த்துவதில்லை என்று தெளிவாக்கியது. மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் உள்ளது என்பதற்காக இளைய குழந்தையின் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. தவிர்த்தால் தட்டம்மைக்கு இடங்கொடுத்தவர்களாவோம்.

பெற்றோரின் உண்மையான பங்கு

பெற்றோர் காரணம் அல்லர்; ஆயினும் குழந்தையின் முன்னேற்றத்தில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. பிரிட்டனில் 152 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவது காணொளியாகப் பதிவு செய்யப்பட்டது. பின்னர்ப் பயிற்சியாளர் அதனைப் பெற்றோருடன் அமர்ந்து பார்த்து, குழந்தை தன் வழியில் பேச முயலும் சிறு கணங்களைச் சுட்டிக்காட்டினார். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசவும், பதிலுக்குக் காத்திருக்கவும் பெற்றோர் கற்றுக்கொண்டனர். சுமார் ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் கடுமை ஓரளவு குறைந்திருந்தது. இதே முறையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்தனர். அங்கே சிறப்பு மருத்துவர்கள் அல்லாத நலப்பணியாளர்களே பயிற்சியளித்தனர். பெற்றோரின் பேச்சு குழந்தையின் கவனத்தோடு இசைந்தது. குழந்தைகளும் தாமாக முன்வந்து பழகுவது கூடியது. இம்முறை ஆட்டிசத்தை முற்றிலும் நீக்குவதில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, பதினெட்டு மாதமாகியும் விருப்பமானதை விரலால் சுட்டிக் காட்டாமை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களை இழந்துவிடுதல் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் உடனே குழந்தை மருத்துவரை அணுகுங்கள். “அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்” என்று காத்திருக்க வேண்டாம். முதலில் செவித்திறனைச் சோதித்தல் இன்றியமையாதது. பேச்சுப் பயிற்சி முதலியவற்றை, பெயரிட்டு உறுதி செய்யும் வரை காத்திராமல் தொடங்கலாம். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களிலும் இவ்வுதவி கிடைக்கும்.

வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். இரு மொழி கேட்பதால் ஆட்டிசம் உண்டாவதுமில்லை, மிகுவதுமில்லை. முற்றிலும் குணமாக்குவதாகக் கூறி விற்கப்படும் மருந்துகளையும் உயிரணுச் சிகிச்சைகளையும் நம்பிப் பொருளை இழக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. எனவே சான்றிதழ் பெற்று, உங்கள் குழந்தைக்குரிய சலுகைகளைக் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, குழந்தையின் பாட்டி, தாத்தா, அத்தை, மாமா என வீட்டிலுள்ளோர் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். இங்கே கூறியவற்றை அவர்களிடமும் நாங்கள் எடுத்துரைப்போம். தாய் தனியே சுமக்க வேண்டியதில்லை.