ஒரு டம்ளர் காபியின் கார்பன் கணக்கு

ஏற்காடு போனா, மஞ்சக்குட்டை பக்கம் காபித் தோட்டம் பாத்துட்டு ஒரு பாக்கெட் தூள் வாங்காம வர மாட்டோம். அதுல 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது'ன்னு போட்டிருந்தா 100 ரூபாய் கூடக் கொடுக்கலாமா?

2018-ல பூர், நெமசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளோட தரவைத் தொகுத்தாங்க. அந்த உலக சராசரிப்படி ஒரு கிலோ காபிக்குச் சுமார் 28.5 கிலோ கார்பன் உமிழ்வு. ஒரு லிட்டர் பாலுக்கு 3.2 கிலோ. காபி 9 மடங்கு மோசம்னு தோணுதா?

டம்ளர் கணக்குல பாருங்க. 10 கிராம் தூளுக்கு 285 கிராம்; 100 மில்லி பாலுக்கு 320 கிராம். பால்தான் கூட! என்.ஏ.வி.யை மட்டும் வச்சு ரெண்டு ஃபண்டை ஒப்பிடற அதே தப்புதான் இது.

இன்னொன்னு, அந்தச் சராசரியில காட்டை அழிச்சுப் போட்ட தோட்டங்களும் சேர்த்தி. சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடியோட வளரும் ஏற்காட்டுக் காபிக்கு அந்த நம்பரை அப்படியே ஒட்ட முடியாது. அந்தத் தோட்டத்தோட உரம், டீசல், கரண்ட் பில்லைப் பாத்தாத்தான் தெரியும்.

அதனால மூணு கேள்வி கேளுங்க:

1. எந்த அளவுக்கான கணக்கு? கிலோவுக்கா, டம்ளருக்கா?
2. எதுவரை? தோட்டம் வரையா, கடை வரையா, நம்ம அடுப்பு கேஸ் வரையா?
3. யார் சரிபார்த்தது?

2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இப்படிச் சொல்ற நிறுவனம் ஆதாரம் வச்சிருக்கணும். பதில் கிடைச்சா, அளந்து வேலை செஞ்சவங்களுக்கு தாராளமா கூடக் கொடுங்க. கிடைக்கலையா? அந்த 100 ரூபாய் உங்க எஸ்.ஐ.பி.க்குப் போகட்டும்.