மூடிய சன்னலைப் பதிவு செய்தல்: இளம் ஆய்வாளருக்கு ஒரு கடிதம்

வடசென்னையின் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வீடுகளின் மின்நுகர்வை ஆராயத் தொடங்கும் இளம் ஆய்வாளருக்கு,

கட்டட ஆற்றல் ஆய்வில் ‘குடியிருப்போர் நடத்தை’ என்பது, வீட்டில் வாழ்வோர் சன்னலைத் திறப்பது, மூடுவது, மின்விசிறியின் வேகத்தை மாற்றுவது, ஏ.சி.யை எத்தனை பாகையில் வைப்பது முதலிய செயல்களின் தொகுதியைக் குறிக்கும். 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பை ராபர்ட் சோகோலோவ் முதலான பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட வீடுகளுக்கிடையேயும் எரிபொருள் செலவு இரு மடங்கு வரை வேறுபட்டது. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் குடியிருப்போரே காரணம் என்பது அப்போது தெளிவாயிற்று.

சென்னைக்கு இத்துறை புதிதன்று. சூழலின் வெப்பத்துக்கு ஏற்ப மனிதரின் இத உணர்வும் நகர்கிறது என்னும் ‘தகவமைப்பு வெப்ப இதம்’ என்ற கோட்பாட்டை இந்தியாவுக்கென வகுக்க, அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்த ஐந்து நகரங்களுள் வெப்ப ஈரமண்டலத்தின் சார்பில் சென்னையும் ஒன்றாகும். அவர்கள் கண்ட வாய்பாட்டின்படி, வெளி வெப்பநிலையின் பல நாள் சராசரி 30 பாகையாக இருக்கும்போது, சன்னல் காற்றையே நம்பியுள்ள கட்டடத்தில் ஏறத்தாழ 29 பாகையே இதமாக உணரப்படும். எனினும் அவ்வாய்பாடு அலுவலகங்களில் திரட்டப்பட்ட விடைகளிலிருந்து பிறந்தது என்பதையும், சன்னலைத் திறந்து வைக்க இயலும் என்ற எடுகோள் அதனுள் அமைந்துள்ளது என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது.

ஏனெனில் வடசென்னையில் அந்த எடுகோளே ஐயத்துக்குரியது. பிற்பகலில் கடற்காற்று வீசும் வேளையிலும் சன்னல் சாத்தியிருக்கும் வீட்டைக் காணும் ஆய்வாளர், படிவத்தில் ‘விழிப்புணர்வின்மை’ என்று குறித்துவிடுவது எளிது. பல ஆய்வறிக்கைகளில் அச்சொல் ஆய்வாளரின் அவசரத்தை மறைக்கும் திரையாகவே பயன்படுகிறது. கொடியில் உலரும் வெள்ளைத் துணியின் மடிப்பையும் சன்னல் கம்பியின் மேற்புறத்தையும் விரலால் தடவிப் பார்த்தால் படியும் கரிய தூள், அச்சன்னல் மூடியிருப்பதன் காரணத்தை ஓரளவு சொல்லிவிடும். மிச்சத்தைக் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் பக்கிங்காம் கால்வாய்க் கொசுவும் சொல்லும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது வீடுகளை விட்டு ஓடிய பெரியகுப்பத்து மக்களிடம், இரவில் சன்னலைத் திறந்து உறங்கினால் மின்சாரம் மிச்சமாகும் என்று அறிவுரை கூறுவது ஆய்வாகாது. உயர்நீதிமன்ற உத்தரவின் விளைவாக 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுதல் நின்று எண்ணூர்த் துறைமுகத்துக்குப் பெயர்ந்தது. ஆகவே அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் சன்னல்கள் எவ்வாறு இருந்தன என்று துறைமுகத்தை அடுத்த இராயபுரத்து முதியோரிடம் கேட்டறிவது, விலையுயர்ந்த கருவி எதுவும் தராத தரவாகும்.

அடுத்து, மின்கட்டணத்தின் அமைப்பு. தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு 2016 முதல் இலவசமாக வழங்கப்பட்டது. 75 வாட் சாதாரண மின்விசிறியை அகற்றி 35 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறியை மாட்டும் வீடு, நாளுக்கு 15 மணி நேரம் அது ஓடுவதாகக் கொண்டால், இரு மாதத்தில் 36 யூனிட் சேமிக்கும். 90 யூனிட் செலவிடும் வீட்டுக்கு அச்சேமிப்பால் ஒரு காசும் மிஞ்சாது. 520 யூனிட் செலவிடும் வீடோ 484க்கு இறங்குவதால், 500ஐத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் விகிதம் உயரும் ஏற்பாட்டின் காரணமாக, 2022 செப்டம்பர் கட்டணப்படி 481 ரூபாய் மிச்சப்படுத்தும். ஒரே மின்விசிறிக்கு இரு வேறு பொருளாதாரம்! இதனோடு, வீட்டுக்காரரின் மீட்டரிலிருந்து துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாடகையோடு கொடுக்கும் குடித்தனக்காரருக்கு இலவச யூனிட் பெரும்பாலும் எட்டுவதில்லை. எனவே ஒரு மீட்டரை ஒரு குடும்பம் என்று எண்ணிக் கணக்கிடும் ஆய்வு தொடக்கத்திலேயே தவறிவிடும்.

நேர அட்டவணையும் இங்கு வேறு. கணினி ஒப்புருவாக்க மென்பொருள்கள் காலை வெளியேறி மாலை திரும்பும் மனிதரைக் கற்பனை செய்கின்றன. இரவு ஷிப்ட் முடித்தவரும் விடியலில் காசிமேட்டில் மீன் இறக்கிவிட்டு வந்தவரும் உறங்குவது, கூரைத்தளம் கொதிக்கும் பகல் நேரத்தில். அவர்களின் மின்விசிறி நண்பகலில் சுழல்வது வீணடிப்பு அன்று. மேல்தளக் குடும்பத்தினர் குறைவாகச் செலவிடுவதாகத் தெரிந்தால், அது சிக்கனமா, தாங்கிக்கொள்ளலா என்று பிரித்தறிவதும் ஆய்வாளரின் கடமையே. அனல்மின் நிலையத்தின் சாம்பலருகே வாழ்வோரிடம் முதலில் சேமிப்பைக் கோருவதில் உள்ள முரணை அறிக்கையின் அடிக்குறிப்பில் ஒதுக்காமல் முதன்மைப் பகுதியிலேயே எழுதுதல் தகும்.

கவனிக்கப்படுகிறோம் என்று அறிந்தாலே மக்கள் நடத்தையை மாற்றிக்கொள்வர். ‘ஹாதார்ன் விளைவு’ எனப்படும் இது, வீட்டில் மின்பதிவுக் கருவி பொருத்திய முதல் வாரங்களின் எண்களை நம்பத்தகாதவையாக்குகிறது. வாசலில் நிற்பவர் ஈ.பி.யிலிருந்தோ குடியிருப்பு வாரியத்திலிருந்தோ வந்தவர் என்ற அச்சம் அதற்கும் மேலானது. ஆகவே கருவி என்ன பதிவு செய்கிறது என்பதை மின்இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரிடம் மட்டுமன்றி, பகலில் வீட்டிலிருக்கும் பெண்களிடமும் விளக்கி இசைவு பெறுதல் வேண்டும். நிமிடவாரியான மின்பதிவு, வீடு எப்போது பூட்டிக் கிடக்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்குமாதலால், கதவு எண்ணும் மின்இணைப்பு எண்ணும் அப்பதிவோடு ஒரே கோப்பில் இருக்கலாகாது.