நெல்வயல் நீரிற் காணப்படும் பன்னங்களை இனங்காணுதல்

நெல்வயலிலும், அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலிலும் குளத்திலும் பன்னங்கள் சில வளர்கின்றன. பன்னம் என்றதும், மலைநாட்டு ஓடைக்கரைகளில் நீண்ட இலைகளை விரித்து நிற்கும் செடியே பலரது நினைவுக்கு வரும். நீரின்மேல் மிதக்கும் சிறு பச்சைச் செடியும், சேற்றிற் படரும் நாலிலைச் செடியும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே என்பதைக் கமக்காரர் பலர் அறியார். இவற்றுள் ஒன்று பயிருக்கு உரமாகும். ஒன்று கறிக்கு உதவும். ஆயினும் பயிருக்குக் களை. மற்றொன்றோ வயலையும் வாய்க்காலையும் ஒருங்கே மூடிவிடும். ஆகையால், ஒரு செடிக்கு மருந்து தெளிக்குமுன்னும், சிறப்பாக அயலூரிலிருந்து ஒன்றை நம் வயலுக்குக் கொண்டுவருமுன்னும், அது யாதெனத் திட்டமாக அறிந்துகொள்ளல் வேண்டும்.

பொது அடையாளம்

பன்னம் ஒருபோதும் பூக்காது, காய்க்காது, வித்துக் கொள்ளாது. வித்துக்குப் பதிலாக, வித்தி எனப்படும் தூள் போன்ற நுண்பொருளால் இனம்பெருக்கும். ஆகவே, ஒரு செடியிற் பூவைக் கண்டால் அது பன்னமன்று என உடனே தள்ளிவிடலாம். ஆனால், பூ இல்லாமையை மாத்திரம் கொண்டு பன்னமென முடிவு செய்தல் கூடாது. பூக்கும் பருவம் வராத வேறு செடியாகவும் அது இருத்தல் கூடும். அப்போது இளங்குருத்தைப் பார்க்கவேண்டும். பெரும்பாலான பன்னங்களின் குருத்து, மணிக்கூட்டின் சுருள்வில்லைப் போல நுனியிலிருந்து உள்நோக்கிச் சுருண்டிருந்து, பின்னர் மெல்ல விரியும். நீரில் மிதக்கும் பன்னங்களில் இக்குறி தெரிவதில்லை. அவற்றுக்குரிய குறிகளைப் பின்னர் கூறுவோம்.

ஆரை

வல்லாரை, புளியாரை, ஆரை எனப் பெயரால் உறவுகொண்டாடும் செடிகள் மூன்றுள்ளன. பெயரைத் தவிர இவற்றுக்குள் உறவு எதுவுமில்லை. நாம் சம்பல் செய்து உண்ணும் வல்லாரைக்குக் காம்புக்கு ஒரே இலை. வட்டமாக, அடியிற் பிளவுபட்டிருக்கும். புளியாரைக்கு மூன்று சிற்றிலைகள். ஒவ்வொன்றும் நுனியிற் குழிந்து இதய வடிவாயிருக்கும். மென்றாற் புளிக்கும். மஞ்சட் பூப் பூத்துச் சிறு காய் காய்க்கும். இவ்விரண்டும் பூக்கும் செடிகள். வரம்பிலும் ஈரமான தோட்ட நிலத்திலும் காணப்படுவன. மூன்றாவதாகிய ஆரையே பன்னம். நீராரை என்பதும் இதுவே.

ஆரைக்கு ஒரு காம்பின் நுனியில் நான்கு சிற்றிலைகள் சிலுவைபோல் அமைந்திருக்கும். நீர் நிற்கும்போது அவை நீர்மட்டத்தில் மிதக்கும்; நீர் வற்றினால் காம்பு விறைத்து நிமிர்ந்து நிற்கும். இரவில் இலைகள் கூப்பிக்கொள்ளும். குருத்தைப் பார்த்தால் மேற்கூறிய சுருளைத் தெளிவாகக் காணலாம். காம்பின் அடியில் அவரை விதை வடிவான, மிளகளவுள்ள கடினமான உறைகள் உண்டாகும். இவற்றைக் காய்களென எண்ணுதல் வேண்டா; வித்திகள் இருப்பது இவற்றுள்ளேயே. வயல் பல காலம் வறண்டு கிடந்தாலும் இவ்வுறைகள் அழியா. நீர் கிடைத்ததும் முளைப்புக்கு ஆயத்தமாகும். ஒரு போகம் தரிசாய்க் கிடந்த வயலில் ஆரை மீண்டும் தோன்றுவது இதனாலேயே.

சேற்றில் ஓடும் அதன் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். இலையை மட்டும் பறித்தெறிந்தால் களை போனதாகாது. தண்டு துண்டுபட்டால் ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகும். எனவே உழவின்போதும் பலகை அடிக்கும்போதும் மேலெழும் தண்டுகளைக் கூட்டியள்ளி வயலுக்கு வெளியே உலரவிடுதல் நன்று. நாற்று இளமையாயிருக்கும் முதற் கிழமைகளிலேயே ஆரை கூடிய தீங்கு செய்யும். பயிர் செழித்து நிழல் மூடியபின் அது அடங்கிவிடும். புல்லினக் களைகளுக்கென விற்கப்படும் களைநாசினியை ஆரைக்குத் தெளித்துப் பணத்தை இழப்பாருமுளர். ஆரை புல்லுமன்று, கோரையுமன்று. கறிக்கு ஆரைக்கீரை பறிப்போர், மருந்து தெளித்த வயலில் அதனைப் பறிக்கலாகாது.

அசோலாவும் சல்வீனியாவும்

உண்மையான இடர் இவ்விரண்டினிடையே உள்ளது. அசோலா நெல்லுக்கு நல்லதெனக் கேள்விப்பட்டு, வாய்க்காலில் மிதக்கும் பச்சையை ஒரு வாளியில் அள்ளிவந்து வயலில் விடுபவர், தம்மையறியாமற் சல்வீனியாவை விட்டுவிடக்கூடும்.

அசோலாச் செடி முழுவதும் பெருவிரல் நகத்தின் அளவே இருக்கும். இலைகள் எள்ளினும் சிறியன. மீன் செதிள்போல் ஒன்றன்மேலொன்று படிந்திருக்கும். கீழே மெல்லிய வேர்கள் தனித்தனியே தொங்கும். கடும் வெயிலிலும் போசணை குறைந்த இடத்திலும் செடி செந்நிறமடையும். இதன் இலைக்குழியில் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும். அந்த நைதரசன் நெல்லுக்குச் சேரவேண்டுமாயின் அசோலாவைச் சேற்றில் மிதித்து அமிழ்த்தல் வேண்டும். மிதந்தபடியே விட்டாற் பெரும்பயன் இல்லை.

சல்வீனியாவிலோ இலைகள் கணுவுக்கு மூன்றாகத் தோன்றும். இரண்டு இலைகள் தண்டின் இருபுறமும் எதிரெதிராக மிதக்கும். மூன்றாவது நீருக்குள் கபிலநிற மயிர்க்கற்றைபோற் பிரிந்து தொங்கும். பார்ப்பவர் அதனை வேரென்றே எண்ணுவர். சல்வீனியாவுக்கு வேரே கிடையாது. மிதக்கும் இலையின் மேற்புறத்திற் குத்தான மயிர்கள் நிறைந்திருக்கும். கைவில்லையினூடே பார்த்தால், ஒவ்வொரு மயிரும் நான்காகப் பிரிந்து நுனியில் மீண்டும் ஒன்றுகூடி, முட்டை அடிக்கும் கம்பிக் கருவியைப் போலத் தோன்றும். இளஞ்செடியின் இலைகள் விரல்நகம் போலச் சிறியனவாய்த் தட்டையாக மிதப்பதால், அப்பருவத்திலேயே அது அசோலாவென மயக்கம் தரும். நெருங்கி வளர்ந்தபின் இலைகள் பெருத்து, நடுவில் மடிந்து நிமிர்ந்து நிற்கும்; அப்போது மயக்கத்துக்கு இடமில்லை, ஆனால் காலம் கடந்துவிட்டது. ஏனெனில், சூடும் போசணையும் உள்ள நீரில் இரண்டு மூன்று நாள்களிலேயே அது இருமடங்காகப் பெருகவல்லது. நம் நாட்டுச் சல்வீனியாவின் வித்திகள் மலடு. முளைத்துப் பெருகுவதெல்லாம் ஒடிந்த துண்டுகளாலேயே. உழவு இயந்திரத்தின் சில்லில் ஒட்டிய ஒரு கணுவே போதும்.

பெயர் தவறியதால் வந்த தாமதம்

இச்செடி இலங்கைக்கு உரியதன்று. 1939ஆம் ஆண்டில் தாவரவியல் ஆய்வுக்கெனக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பிப் பரவி, சில ஆண்டுகளிலேயே வயல்களையும் நீர்நிலைகளையும் மூடியது. நெடுங்காலம் உலகெங்கும் அறிஞர் அதனைத் தென்னமெரிக்காவின் வேறொரு சல்வீனியா இனமென்றே கொண்டிருந்தனர். அவ்வினத்தைத் தின்னும் பூச்சிகளைத் தேடிக் கொணர்ந்து விட்டும் களை குறையவில்லை. 1972இலேயே இது தனியினம் என விவரிக்கப்பட்டது. 1978இல் அதன் பிறப்பிடம் பிரேசிலின் தென்கிழக்கே கண்டறியப்பட்டது. அங்கு அதனைத் தின்று வாழ்ந்த, ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் நீளமான கூன்வண்டு 1980இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலுள்ள மூண்டாரா ஏரியில் விடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஏரி தெளிந்தது. இவ்வண்டும் முன்னர் பயன்தராத வண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தமையால், இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பது 1985 வரை வெளியாகவில்லை. இலங்கையில் 1986இல் அது விடப்பட்டு, பல நீர்நிலைகளிற் களையை அடக்கியது. வித்தியுறையில் உள்ள சிறு வேறுபாடுகளைக் கவனியாமையால் இத்தனை ஆண்டுகள் வீணாயின.

வயலிற் செய்யவேண்டியது

சல்வீனியாவைச் சிறு அளவிற் கண்டவுடனேயே கையால் முற்றாக அள்ளி, நீர் ஏறாத மேட்டிற் குவித்து உலரவிடுக. வரம்பின்மேற் போட்டால் அடுத்த மழை அதனை வயலுக்கே திருப்பிக் கொடுக்கும். வயலுக்கு நீர் புகும் வாயிலிற் கம்பிவலையோ மூங்கிற்றட்டியோ கட்டி, அதில் தங்குவதை நாள்தோறும் அகற்றுக. குளத்தில் அது கபில நிறமாகி, குருத்து அரிக்கப்பட்டு அமிழத் தொடங்கியிருப்பின் வண்டு வேலை செய்கின்றது எனக் கொள்ளலாம். அவ்விடத்தில் மருந்து தெளித்தல் வேண்டா. வேறு குளத்துக்கு வண்டைக் கொண்டுசெல்ல விரும்புவோர் தாமாகச் செய்யாது விவசாயப் போதனாசிரியருடன் கலந்துகொள்க.

ஐயமான செடியை அவரிடம் காட்ட விரும்பினால், இலையை மட்டும் கிள்ளாது தண்டும், அடிப்பகுதியும், நீருக்குள் இருந்த பகுதியும் சேர முழுச்செடியாக எடுத்து, சிறிது நீருடன் வாய் மூடிய போத்தலில் இடுக. எடுத்த இடமும் திகதியும் எழுதிய துண்டொன்றைப் போத்தலின் வெளியே ஒட்டி, கமநல சேவை நிலையத்திற் கொடுக்கலாம். போத்தலைத் திரும்பப் பெறும்போது அதிலுள்ள நீரை வாய்க்காலில் ஊற்றாது உலர்ந்த தரையில் ஊற்றுக.