சங்கிலி ஒரு தடவைதான், மீதி எல்லாம் சைன் விதி

பிளஸ் ஒன்னில் சைன் விதியை எல்லாரும் படிச்சிருப்போம். முக்கோணத்தின் எந்தப் பக்கத்தையும் அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே விடை வரும். செங்கோணம் இருக்கணும்னு கட்டாயமில்லை. உச்சியிலிருந்து ஒரு செங்குத்துக் கோடு இறக்குங்க, அதன் உயரத்தை இடது பக்கமிருந்தும் வலது பக்கமிருந்தும் எழுதிச் சமப்படுத்துங்க. நிரூபணம் அவ்வளவுதான்.

இந்த ஒரு வரியை நம்பி ஒரு நாட்டையே அளந்தாங்க. ஆரம்பிச்ச இடம் நம்ம பக்கம்தான்.

1802 ஏப்ரல் 10-ம் தேதி, வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் மலை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பிச்சார். சுமார் 12 கிலோமீட்டர். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அதை 400 தடவை போட்டு எடுக்கணும், அதுவும் சித்திரை வெயிலில்! வெப்பம் 10 டிகிரி கூடினா எஃகு நீண்டு, மொத்தக் கோட்டில் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் பிசகும். அதனால்தான் சங்கிலிக்குப் பக்கத்திலேயே தெர்மாமீட்டர். வேலை முடிய ஏறக்குறைய இரண்டு மாசம் ஆச்சு.

இவ்வளவு பாடு எதுக்கு? சைன் விதி விகிதத்தை மட்டும்தான் சொல்லும். மூணு கோணமும் தெரிஞ்சாலும் முக்கோணம் சின்னதா பெரிசான்னு தெரியாது. ஒரு பக்கமாவது அடியில் அளந்தே ஆகணும். அதுக்கப்புறம் தியோடலைட்டை மலைமேல ஏத்திக் கோணம் பார்த்தா போதும். கணக்கிட்ட பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. அப்படியே கடலோரமாத் தெற்கே இறங்கினாங்க, அப்புறம் மேற்கே திரும்பினாங்க.

இப்போ மாமல்லபுரம் பீச்சுக்கு வாங்க. கடலில் ஒரு படகு நங்கூரம் போட்டு நிக்குது. கரையில் 500 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பு நடுங்க. முதல் கம்பில் கோணம் 72°, இரண்டாவதில் 65°. அப்போ படகில் 43°. முதல் கம்பிலிருந்து படகு வரை:

500 × சைன் 65° ÷ சைன் 43° = 664 மீ.

இதை சைன் 72°-ஆல் பெருக்கினா கரையிலிருந்து நேர் தூரம், 632 மீ.

"500 மீட்டர் யார் நடக்குறது, 50 போதாதா?"ன்னு கேப்பீங்க. சரி, 50 மீட்டரில் இரண்டு கோணமும் 88°-ன்னு வைங்க. படகில் 4°, தூரம் 716 மீ. இரண்டாவது கோணத்தை 89°-ன்னு படிச்சிட்டா? தூரம் 955 மீ! ஒரே ஒரு டிகிரியில் 239 மீட்டர் அம்போ. அதே ஒரு டிகிரித் தப்பு 500 மீட்டர் அடிக்கோட்டில் வெறும் 18 மீட்டர்தான். மொபைல் காம்பஸை நம்பி சர்வே ப்ராஜெக்ட் பண்றவங்க இதை ஒரு தடவை போட்டுப் பாருங்க. சிவில் பசங்க 'ஒல்லி முக்கோணம் வேண்டாம்'னு சொல்றது சும்மா இல்லை.

இன்னொரு கண்ணி: இரண்டு பக்கமும், அவற்றுக்கு இடையில் இல்லாத கோணமும் கொடுத்தா கால்குலேட்டரை அப்படியே நம்பாதீங்க. பக்கங்கள் 6, 10. 6-க்கு எதிரே 30°. 10-க்கு எதிரே உள்ள கோணத்தின் சைன் 0.8333. கால்குலேட்டர் 56.4°-ன்னு காட்டும். 123.6°-க்கும் அதே சைன்தான், அதுவும் முக்கோணத்தில் பொருந்தும். இரண்டு விடையும் எழுதணும். கோணங்களை நேரடியா அளந்துட்டா இந்தக் குழப்பமே வராது. மூணையும் அளந்து கூட்டிப் பார்த்தா தப்பும் மாட்டும்.

லாம்டன் அதோடும் விடலை. 1804-ல் பெங்களூர் பக்கம் சுமார் 7 மைலுக்கு இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியாலேயே அளக்க வெச்சார். பரங்கிமலைக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக் கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான்.