இளஞ்சிறார்க்குக் கைவேலையால் எழுத்தறிவித்தல்

கிராமத்துப் பாடசாலையில் முதல் வகுப்பில் வாசிக்கும் பிள்ளை அரிச்சுவடியை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டால், படிப்பு வந்துவிட்டது என்று பெற்றோர் மகிழ்ந்துவிடுகின்றனர். அப்பிள்ளையின் முன்னே புஸ்தகத்தைத் திறந்து, நடுவில் உள்ள ஓர் எழுத்தை மாத்திரம் விரலால் காட்டி, இஃது என்ன எழுத்து என்று வினவினால் உண்மை வெளிப்படும். பிள்ளைகளிற் பலர் மறுபடியும் அகரத்திலிருந்து ஒப்பித்துக்கொண்டு வந்தே அவ்வெழுத்தின் பெயரை அடைகின்றனர். இது பாட்டை அறிந்திருத்தலேயன்றி எழுத்தை அறிந்திருத்தல் ஆகாது.

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்க்கு இதனால் ஆவது யாது என்று கேட்கலாம். தம் பெயரை மாத்திரம் கோலம்போல் வரையக் கற்றுக்கொண்டு, அதற்கு மேலே எழுதியுள்ள கடன் தொகையையும் தவணையையும் வாசிக்க இயலாதவர், கைநாட்டு வைப்பவரைக் காட்டிலும் பாதுகாப்பு உள்ளவர் அல்லர். கைநாட்டு வைப்பவர்க்குப் பத்திரத்தை வாசித்துக்காட்ட வேண்டும் என்ற நினைவு பிறர்க்கு உண்டாகும். கையெழுத்து இடுபவர்க்கோ எவரும் வாசித்துக்காட்ட முற்படுவதில்லை. ஒப்பிக்கத் தெரிந்து வாசிக்கத் தெரியாத இந்நிலை ஐந்து ஆறு வயதிலேயே தொடங்கிவிடுகின்றது. அந்த வயதிலேயே அதைத் தடுத்தல் எளிது.

தமிழ் எழுத்துகள் 247 என்றவுடன் பிள்ளைகள் மலைக்கின்றனர், பெரியோர்களும் மலைக்கின்றனர். கணக்கை இங்ஙனம் பிரித்துப் பார்க்க வேண்டும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216. உயிர்மெய்யில் அகர வரிசை 18 எழுத்துகளும் மெய்யின் புள்ளியை நீக்கினாற் கிடைப்பவை. ஆ, இ, ஈ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஒன்பது வரிசைகளைச் சேர்ந்த 162 எழுத்துகளும் ஏழே குறிகளைக் கொண்டு அமைந்தவை; டி, டீ ஆகியவை சிறிது வேறுபடும். உகர ஊகர வரிசைகளின் 36 எழுத்துகளே வெவ்வேறு உருவம் கொள்வன. அவற்றைக் கடைசியில் தனித்தனியே பழக்கலாம். ஆகவே, குறிகளைக் கையில் எடுத்துச் சேர்க்கவும் பிரிக்கவும் கற்ற பிள்ளைக்குச் சுமை மிகக் குறைவு.

எழுத்தின் உருவம் கண்ணால் மாத்திரம் மனத்தில் பதிவதன்று. மணலில் விரலால் எழுதும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நெடுங்காலம் இருந்தது. 1789-ம் வருஷத்தில் சென்னை எழும்பூரில் இருந்த அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் தலைமையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் அமைத்தார். கற்ற பிள்ளையே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் கூட்டி, 1797-ல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தில் ‘சென்னை முறை’ என்னும் பெயராலேயே பரவியது. 1907-ல் ரோமாபுரியில் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரும் சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார்; 1939-ல் அவ்வம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து உபாத்தியாயர்களுக்கு அம்முறையைப் போதித்தார். நம் தெருத் திண்ணையில் இருந்ததை அயலாரிடமிருந்து திரும்பப் பெறவேண்டியிருந்தது வியப்பே.

மணல், பழைய காலண்டர் அட்டை, புளியங்கொட்டை, கொஞ்சம் களிமண், இவையே தேவையான சாமான்கள். எழுதும்போது பிள்ளை அவ்வெழுத்தின் ஓசையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய் மூடிக் கொட்டை அடுக்கினால் அது வெறும் விளையாட்டாய் முடியும்.

ஓசையைக் கூட்டுவதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மெய்யெழுத்தை ‘இக்’, ‘இப்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை, ‘இப்’பையும் ‘ஆ’வையும் சேர்த்து ‘இப்பா’ என்றுதான் சொல்லும். ‘பா’ என்று சொல்லாது. பிழை பிள்ளையினுடையது அன்று. ஆகையால் நீட்டி ஒலிக்கக்கூடிய ம், ல், ன் முதலியவற்றை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளை உதடு மூடி ‘ம்ம்ம்’ என்று ஒலித்துக்கொண்டே நடந்து வர, எதிரே மற்றொரு பிள்ளை ‘ஆ’ என்று வர, இருவரும் கைகோத்தவுடன் வகுப்பு முழுவதும் ‘மா’ என்று சொல்ல வேண்டும். ‘ஈ’ வந்தால் ‘மீ’. ‘ஊ’ வந்தால் ‘மூ’. இது கைவந்தபின் க், ட், ப் ஆகியவற்றுக்குச் செல்லலாம்.

குறில் நெடில் வேறுபாட்டுக்கு நிலக்கடலை சிறந்த கருவி. கண் இமைக்கும் பொழுதையோ கைந்நொடிப் பொழுதையோ மாத்திரை என்று தொல்காப்பியர் அளந்து வைத்தார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கடலைப் பருப்பு இயற்கையிலேயே இரண்டாகப் பிளப்பது. ஆதலால் மெய்க்கு அரைப் பருப்பு வைக்கலாம். ‘பல்’ என்பதற்கு ஒன்றரைப் பருப்பு. ‘பால்’ என்பதற்கு இரண்டரை. ‘படம்’ இரண்டரை, ‘பாடம்’ மூன்றரை. கொடு, கோடு, மடு, மாடு, கல், கால் என்று இணை இணையாகச் சொல்லி, பிள்ளை தானே பருப்பை எண்ணி வைக்கட்டும். சரியாக வைத்த பருப்பு வைத்தவர்க்கே சொந்தம் என்று விதி செய்தால் கவனம் சிதறுவதில்லை.

கொம்பு சேர்ந்த எழுத்துகளே பலரைத் தடுமாறச் செய்வன. ‘கெ’ என்னும்போது ககர ஓசை முன்னும் எகர ஓசை பின்னும் கேட்கின்றன; எழுதும்போதோ கொம்பு முன்னே நிற்கின்றது. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக ககரம் நடுவில் அகப்பட்டுக்கொள்கின்றது. அட்டையில் க என்று எழுதி ஒரு பிள்ளையின் கழுத்தில் மாட்டி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் ஆகியவற்றை மற்றப் பிள்ளைகளிடம் கொடுத்து, உபாத்தியாயர் ஓசையைச் சொன்னவுடன் அவரவர் உரிய பக்கத்தில் ஓடிநிற்கச் செய்யலாம். ஒரு வாரத்தில் இத்தடுமாற்றம் பெரும்பாலும் தீரும்.

எழுத்துப்பிழை மலியும் இடம் ண, ந, ன மூன்றும், ர, ற இரண்டும், ல, ள, ழ மூன்றுமாகும். இவற்றைக் காதால் மாத்திரம் பிரித்தறிய எல்லாப் பிள்ளைகளாலும் இயலாது. பல ஜில்லாக்களில் வீட்டுப் பேச்சில் மழையும் ‘மளை’யாகவே வழங்குகின்றது. எனவே எழுத்து நிற்கும் இடத்தைக் கண்ணுக்குக் காட்டவேண்டும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகியவை ஆறு ஜோடிகள். சங்கு, பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் போதும். ஜோடி எழுத்துகளை இரண்டு அட்டைகளில் எழுதிக் கயிற்றால் பிணைத்து வைத்தால், ‘வன்டி’ என்று எழுதப்போன பிள்ளை ன் அட்டையில் ட் பிணைந்திராததைக் கண்டு தானே திருத்திக்கொள்ளும். மேலும், ண, ன, ற, ள, ழ ஆகிய எழுத்துகளில் தமிழ்ச்சொல் தொடங்குவதே இல்லை. ஆகவே சொல்லின் முதலில் நகர ஓசை கேட்டால் ஐயமின்றி ‘ந’ என்றே எழுதலாம்.

லகர ளகர ழகரத்துக்கு நாவின் தொழிலைக் காட்டுதல் அவசியம். ல என்னும்போது நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடுகின்றது. ள என்னும்போது நா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகின்றது. ழ என்னும்போது அவ்வாறே வளைந்தும் தொடாமல் நின்றுவிடுகின்றது. சிறு கண்ணாடி ஒன்று இருந்தால் பிள்ளை தன் நாவைத் தானே பார்த்துக்கொள்ளலாம். அதன்பின் ஒரு துணிப்பையில் நெல், எள், புளி, கல், உழக்கு, வாழைப்பழம் இவற்றைப் போட்டு, தரையில் மூன்று வட்டம் வரைந்து, ல, ள, ழ என்று எழுதி வைக்க வேண்டும். பிள்ளை கண்ணை மூடிக் கையை விட்டு, அகப்பட்டதைத் தடவியறிந்து, பெயரை நாவளைத்துச் சொல்லி, உரிய வட்டத்தில் வைக்கும். வாழைப்பழம் முதல் நாளோடு தீர்ந்துவிடும். அதற்குப் பதில் பழகிய கழியொன்றை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் உதவும் முதியோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1978-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் உருவத்தை மாற்றி, பிற எழுத்துகளைப்போலவே காலும் குறியும் இடும்படி செய்தது. அதற்கு முன் பயின்றவர்கள் துதிக்கை போன்ற பழைய உருவத்தில் லையும் னையும் எழுதிக்காட்டினால், பாடசாலையில் வேறொன்றைக் காணும் பிள்ளை மயங்கும். பழைய பத்திரங்களை வாசிக்கும் வயதில் பழைய உருவத்தைச் சொல்லிக்கொடுப்பது நன்று.

இதற்குச் சங்கத்தின் பணம் செலவிடத் தகுமா என்ற ஐயம் எழலாம். 1912-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-ம் பிரிவே, நிகர லாபத்தில் கால்பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கியபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்து வரையில் தர்மகாரியத்துக்குக் கொடுக்கலாம் என்று இடமளித்தது; கல்வியும் அத்தர்மகாரியங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. பின்வந்த சட்டமும் சங்கத்தின் துணை விதிகளும் அனுமதிக்கும் அளவை நிர்வாகக் குழுவினர் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மையில் பணத்தைவிட இடமும் ஆளுமே முக்கியம். மாலையில் சங்கக் கட்டடத்தின் திண்ணையில் அரைமணி நேரம், எட்டாவது பத்தாவது வாசிக்கும் பெண்ணோ பையனோ ஒருவர், பத்துக்கு மேற்படாத பிள்ளைகள், அவ்வளவே போதும். அட்டைகளையும் பையையும் சங்கத்து அலமாரியில் வைக்கலாம். சாவி உள்ளவர் வெளியூர் போகும் நாளில் வகுப்பு நின்றுபோகாதபடி மாத்திரம் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் சென்றபின் அரிச்சுவடியை ஒப்பிக்கச் சொல்லாமல், பாடப்புஸ்தகத்தில் இல்லாத சொற்களாகிய உரமூட்டையின் பெயர், கிடங்கின் பலகை, ரசீதின் தலைப்பு இவற்றை வாசிக்கச் சொல்லிப் பார்க்கலாம்.